அலைமகள் நகரும் ஆறு ப்ராசஸர்களும்

பூஞ்சேரி கூட்டுரோட்டில் ஒரு சிமெண்ட் கடையின் மேல்மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. புயல் அடித்தால் கடல் எந்த இடத்தில் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று கணக்குப் போட்டுத் தருவது அவர்கள் தொழில். கோதண்டராமன் முதலாளி. அலைக் கணக்கு ஹரிப்ரியாவின் பொறுப்பு. கணினிகள் எல்லாம் ஜெனிட்டாவின் பொறுப்பு. இரண்டாயிரத்து ஒன்பது செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முட்டுக்காட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்குமான கரையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கு மென்பொருள் பழைய லினக்ஸ் இயங்குதளத்தில்தான் ஓடும். அதனால் ஜெனிட்டா பெரிய சர்வருக்குள் எமுலேட்டரை வைத்து, மென்பொருளாலேயே இன்னொரு கணினியை உண்டாக்கி, அதற்குள் பழைய லினக்ஸைப் போட்டிருந்தாள். ஆபீசில் எல்லோரும் அதை உள்மெஷின் என்றுதான் சொல்வார்கள். சர்வரில் இருந்த எட்டு ப்ராசஸரில் இரண்டை மட்டும் உள்மெஷினுக்கு விட்டிருந்தாள். மற்றவை வேறொரு வேலைக்குப் போயிருந்தன. அந்த வேலை அன்று காலையில் முடிந்துவிட்டது.

"ஆறு ப்ராசஸர் சும்மா இருக்கு சார். உள்மெஷினுக்கு அதையும் குடுத்துட்டா திங்கக்கெழமைக்குள்ள முடிஞ்சிடும்" என்றாள் ஜெனிட்டா.

"அதுக்கு அத்த நிறுத்தணுமே?" என்றார் கோதண்டராமன்.

நிறுத்தினால் போச்சு. அந்த மென்பொருள் பாதியில் நின்றால் முடிந்த துண்டுகளையும் விட்டுவிட்டு முதலிலிருந்துதான் தொடங்கும். பத்து நாளாக ஓடியதெல்லாம் வீணாகிவிடும்.

"நிறுத்த வேணாம். ஓடும்போதே சேர்க்கலாம். ஆரம்பத்துலயே எட்டு வரைக்கும் எடம் விட்டுத்தான் கிளப்பினேன்."

கோதண்டராமன் எதையும் ஒரே தடவையில் நம்பமாட்டார். டீக்கடைக்காரன் டம்ளரில் ஊற்றுவதைக்கூடக் கூர்ந்து பார்க்கிற ஆள். அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

ஜெனிட்டா எமுலேட்டரின் கட்டளை ஜன்னலைத் திறந்து மூன்றாவது ப்ராசஸரைச் சேர்க்கச் சொல்லி ஒரு வரி அடித்தாள். ஒரு நொடி திரை அசையவில்லை. ஹரிப்ரியா தன் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு உள்மெஷின், புதிதாக ஒரு ப்ராசஸர் வந்திருப்பதாகச் சொன்னது. வந்ததே தவிர அது இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய் இன்னொரு கட்டளை கொடுத்து ஜெனிட்டா அதை எழுப்பினாள். காத்துக்கிடந்த துண்டுகளில் ஒன்று உடனே அதில் ஏறி ஓட ஆரம்பித்தது. மற்ற ஐந்தையும் அதே மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்த்தாள்.

"ஒண்ணும் ஆவாதே?" என்று மறுபடியும் கேட்டார் கோதண்டராமன்.

"ஓடுது பாருங்க சார்."

அன்று சாயங்காலம் கல்பாக்கம் பஸ்ஸில் ஜெனிட்டாவோடு போகும்போது ஹரிப்ரியா சந்தோஷமாக இருந்தாள். அவள் அப்பா அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். திருச்சியிலிருந்து வந்து டவுன்ஷிப்பில் குடியிருந்தார்கள். அதே டவுன்ஷிப்பில் ஜெனிட்டாவின் அம்மா செங்கம்மாள் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை செய்தாள். அது இருவருக்கும் தெரியும். பஸ்ஸில் அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை. மற்றதெல்லாம் பேசுவார்கள். ஜெனிட்டாவின் அண்ணன் பூபாலன் திருப்போரூரில் ஒரு மனை கம்பெனியில் இருக்கிறான் என்பதும், நெம்மேலிக்குத் தெற்கே கடலோரம் அலைமகள் நகர் என்று போட்டிருக்கும் மனைகளை அவன்தான் விற்கிறான் என்பதும் அப்படிப் பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான்.

திங்கட்கிழமை காலையில் ஹரிப்ரியா பஸ்ஸில் வரவில்லை. ஜெனிட்டா ஆபீசுக்குப் போனபோது அவள் முன்னாலேயே வந்து கோதண்டராமனின் அறையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

"ஜெனிட்டா, உள்ள வாம்மா" என்றார் கோதண்டராமன். உட்காரச் சொல்லவில்லை. "ஓட்டம் எப்ப முடிஞ்சுது?"

"சனிக்கெழம சாயந்தரம் சார். முடிஞ்சதும் எனக்கு மெயில் வந்துச்சு. உங்களுக்கும்தான்."

"வந்துச்சு. நீ ஞாயித்துக்கெழம எங்க இருந்த?"

"காலையில சர்ச்சு. அப்புறம் வீட்லதான்."

"வீட்லேர்ந்து உள்மெஷினுக்குள்ள வர முடியும்ல உன்னால?"

"கம்பெனி லேப்டாப்புல வரலாம். ஆனா நான் வரல."

கோதண்டராமன் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஒரு துண்டின் விடைக்கோப்பு. கடைசியாக எழுதப்பட்ட நேரம் ஞாயிறு மத்தியானம் மூன்று மணி என்றிருந்தது. அதற்குள் இருந்த விடை, புயலன்று தண்ணீர் கரையை ஒட்டியே நின்றுவிடும் என்றது. வடக்கேயும் தெற்கேயும் உள்ள துண்டுகளில் தண்ணீர் ரோட்டைத் தொட்டது. நடுவில் இந்த ஒரு துண்டில் மட்டும் இல்லை.

"இது எந்த எடம் தெரியுதா?" என்றார்.

படத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அலைமகள் நகர்.

ஜெனிட்டா ஹரிப்ரியாவைப் பார்த்தாள். ஹரிப்ரியா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வேலையைப் பற்றி ஆபீசில் வேறு யாருக்கும் ஜெனிட்டா சொன்னதில்லை.

"ஓட்டம் முடிஞ்ச பின்னாடி யாரோ தொட்டிருக்காங்க. பாஸ்வேர்டு உன்கிட்டதான் கீது. நான் ஒண்ணும் சொல்லல. நீயே யோசிச்சுக்க" என்றார் கோதண்டராமன். "லேப்டாப்ப வெச்சுட்டு ரெண்டு நாள் வூட்ல இரு. அப்புறம் பார்க்கலாம்."

படியிறங்கும்போது சிமெண்ட் கடைக்காரர், "இன்னாம்மா, வந்ததும் கெளம்பிட்ட?" என்றார். தலைவலி என்றாள். பஸ்ஸில் கூட்டமே இல்லை. அவ்வளவு வெறுமையான பஸ்ஸில் அவள் அந்த ரோட்டில் போனதில்லை.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவள் தொடவில்லை. அப்படியானால் தொட்டது யார்? ஹரிப்ரியாவா? அவளுக்கு என்ன லாபம்? கோதண்டராமனா? அவர் ஏன் தானே கண்டுபிடித்ததுபோல் காட்ட வேண்டும்? கொக்கிலமேடு தாண்டும்போது அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். எழுந்து பார்த்தபோது பூபாலன் மடியில் அவள் லேப்டாப் இருந்தது. சித்தப்பா மகன் கல்யாண சிடியைப் பார்க்கிறேன் என்றான். பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியும். அவளேதான் ஒரு நாள் சொல்லியிருந்தாள்.

அதற்கு முந்தின வாரம் அவன் கேட்டதும் நினைவுக்கு வந்தது. "உங்க ஆபீசுல எங்க சைட்டு பக்கமெல்லாம் கணக்கு எடுக்கறாங்களாமே? தண்ணி வரும்னு போட்டுடுவாங்களா இன்னா?"

அவள் சிரித்துவிட்டு, அதெல்லாம் சொல்லக்கூடாது என்றிருந்தாள்.

வீட்டில் அவன் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தான். செங்கம்மாள் அன்று வேலைக்குப் போகவில்லை. முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ண்ணா, நேத்து என் லேப்டாப்புல இன்னா பண்ண?"

"கல்யாண சிடி பார்த்தேன். நீதான் பார்த்தியே."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி இன்னா? வெச்சேன், ஓடல. மறுபடி வெச்சேன். இன்னாத்துக்குக் கேக்குற?"

"என் ஆபீசு மெஷின்ல யாரோ உள்ள பூந்து உங்க சைட்டு கணக்க மாத்திருக்காங்க. நேத்து மூணு மணிக்கு. அப்ப அது உன் மடியிலதான் இருந்துச்சு."

பூபாலன் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். "நானா?"

"நீதான் கேட்டுகினு இருந்த, தண்ணி வருமா தண்ணி வருமான்னு."

"கேட்டா? கேட்டா மாத்திடுவனா? அந்த மெஷின எப்படித் தொறக்கறதுன்னுகூட எனக்குத் தெரியாது."

"உங்க கம்பெனில தெரிஞ்ச ஆளு இருப்பான்ல. போன்ல சொன்னா செய்ய வேண்டியதுதானே."

"ஏய் ஜெனி." அவன் குரல் தணிந்துவிட்டது. "ஊர்ல எவனாவது ஒண்ணு காணோம்னு சொன்னா மொத மொத நம்ம வூட்டாண்டதான் வந்து நிப்பானுங்க. அப்பா இருந்தப்போ எத்தினி வாட்டி பார்த்துகீறோம். இப்ப நீயே வந்து நிக்குற."

செங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாடி பேசற நீ? அவன் அப்படிப்பட்டவனா?"

பூபாலன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் முகத்தில் இருந்தது கோபமா பயமா என்று ஜெனிட்டாவால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை மத்தியானம் முழுக்கக் குடைந்தது.

சாயங்காலம் ஹரிப்ரியாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்து நின்றுவிட்டது. மறுபடி அடித்தாள்.

"சார் உன்கிட்ட பேச வேண்டாம்னு சொல்லியிருக்கார் ஜெனிட்டா."

"எங்க அண்ணனப் பத்தி சொன்னது நீதானே?"

"விடை கம்மியா வந்திருக்கேன்னு பார்த்தேன். நேரம் ஞாயித்துக்கிழமைன்னு இருந்தது. அவர் யாருக்கு அந்த எடத்துல லாபம்னு கேட்டார். வாயில வந்துடுச்சு."

"சரி. ஒண்ணே ஒண்ணு பண்ணு. நீ ஆபீசுலதானே இருக்க? அந்த ஒரு துண்ட மட்டும்தானே பார்த்த? மத்த துண்டோட நேரத்தையும் பாரு."

"எதுக்கு?"

"பாரேன்."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை. இது ஞாயிறு." நிறுத்தினாள். "இது முட்டுக்காடு கழிமுகம். இங்கயும் ஞாயிறு."

"கழிமுகத்துல எவன் மனை விக்கறான்?"

"இரு இரு. கடலுக்குள்ள இருக்கற துண்டு ஒண்ணு, அதுவும் ஞாயிறு. ஜெனிட்டா, இங்க ஒண்ணு..." ஹரிப்ரியாவின் குரல் மாறியது. "இது புதன்கிழமைன்னு காட்டுது."

"போன புதனா?"

"வர்ற புதன். நாளன்னிக்கு."

நாளை மறுநாள் நடக்கப்போவதை இன்றைக்கே யாரும் போய்த் திருத்திவிட்டு வர முடியாது.

"வியாழக்கெழம நான் சேர்த்தேன்ல, அந்த ஆறும்தான்" என்றாள் ஜெனிட்டா மெதுவாக. "அதுல ஓடினதுக்கெல்லாம் நேரம் தப்பா இருக்கு."

மறுநாள் காலையில் கோதண்டராமனே கூப்பிட்டனுப்பினார். அவர் எதிரில் ஜெனிட்டா புதிதாக ஓர் உள்மெஷினைக் கிளப்பினாள். அதே பழைய லினக்ஸ், இரண்டு ப்ராசஸர். அதை ஓடவிட்டுப் பிறகு மூன்றாவதைச் சேர்த்து எழுப்பினாள். ஒவ்வொரு ப்ராசஸரிடமும் இப்போது மணி என்ன என்று கேட்க வைத்தாள். முதல் இரண்டும் சரியாகச் சொன்னன. மூன்றாவது வேறு மணியைச் சொன்னது. நான்காவதைச் சேர்த்தாள். அது இன்னொரு மணி சொன்னது.

"ஒவ்வொரு ப்ராசஸரும் தன் கணக்குக்கு நேரத்த எண்ணிகிட்டே போகும் சார். நடுவுல வந்தது எண்ணறதும் மொதல்ல இருந்தது எண்ணறதும் ஒண்ணா இருக்காது. புது லினக்ஸா இருந்தா கண்டுபிடிச்சு சரி பண்ணிக்கும். இது பழசு. எல்லாம் ஒரே கடிகாரம்னு நம்பிடுச்சு."

"அத்த நீ அன்னிக்கே சொல்லல?"

"எனக்கு அன்னிக்குத் தெரியாது."

கோதண்டராமன் தாடையைத் தடவினார். மன்னிப்பு கேட்பார் என்று ஜெனிட்டா எதிர்பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. "நேரம் தப்பு, சரி. நம்பரு? அந்த எடத்துல மட்டும் தண்ணி ஏன் நிக்குது?"

இதற்கு ஹரிப்ரியா பதில் சொன்னாள். அந்தத் துண்டை இரண்டே ப்ராசஸரில் தனியாக மறுபடி ஓட்டியிருந்தாள். அதே விடைதான். நில அளவைப் படத்தில் அங்கே உயரமான மணல் மேடு ஒன்று, சவுக்கு மரங்களோடு, கரைக்கு இணையாகப் போகிறது. தண்ணீரை அது தடுத்துவிடுகிறது.

"படம் எப்ப எடுத்தது?" என்றார் கோதண்டராமன்.

"சுனாமிக்கு அடுத்த வருஷம் சார்."

"போய்ப் பார்த்துட்டு வாங்க. ரெண்டு பேரும் போங்க." இரண்டு பேரும் என்பதை அவர் அழுத்திச் சொன்னார். தனியாக அனுப்பினால் நான் பொய் சொல்வேன் என்று நினைக்கிறார் என்று ஜெனிட்டாவுக்குத் தோன்றியது. ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம். இனிமேல் அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் இப்படித்தான் புரட்டிப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சலிப்பாக இருந்தது.

நெம்மேலிக்கு முன்னாலேயே ஈ.சி.ஆரில் பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். வெயில் சுட்டது. அலைமகள் நகர் என்று எழுதிய வளைவு புதிதாக நீலப் பெயிண்ட் அடித்து நின்றது. உள்ளே போகப் போக எங்கேயோ எந்திரம் உறுமுகிற சத்தம் கேட்டது. கடைசி மனைக் கல்லைத் தாண்டியதும் கடல் தெரிந்தது. தெரியக்கூடாத இடத்திலிருந்தே தெரிந்தது. மணல் மேட்டில் பாதியைக் காணவில்லை. ஒரு ஜேசிபி மீதியை வழித்து லாரியில் கொட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் போட்ட சவுக்குகள் ஓரமாகக் குவிந்து கிடந்தன.

"கடல் பார்த்த மனைன்னு சொல்லி விக்கறதுக்கா?" என்றாள் ஹரிப்ரியா.

ஜெனிட்டா வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரத்தில் பூபாலன் ஒரு வயதான தம்பதிக்கு மனைக்கல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனும் அவர்களைப் பார்த்துவிட்டான். கையில் இருந்த படத்தை மடித்தான். ஆனால் அருகில் வரவில்லை.

ஹரிப்ரியா பையிலிருந்து கேமராவை எடுத்தாள். எடுத்தவள் ஜெனிட்டாவைப் பார்த்தபடி நின்றாள். திரும்பிப் போய், மேடு அப்படியே இருக்கிறது என்று சொன்னால் கோதண்டராமன் நம்புவாரோ மாட்டாரோ, கணக்கு அப்படியே போய்விடும். ஹரிப்ரியா அதற்கும் சம்மதிப்பாள்போல் இருந்தது. செய்த தப்பை அந்த விதத்தில் ஈடுகட்ட நினைத்தாளோ என்னவோ.

"இன்னாத்துக்கு என் மூஞ்சப் பார்க்குற? எடு" என்றாள் ஜெனிட்டா.

மேடு இல்லாமல் கணக்கை மறுபடி போட வேண்டியிருந்தது. சுற்றியிருக்கும் துண்டுகளும் மாறும். "அதே மாதிரி நடுவுல ஆறு சேர்த்துடு. சீக்கிரம் ஆவும்" என்றார் கோதண்டராமன்.

"மாட்டேன் சார். இப்பத்தான் எட்டும் காலியா இருக்கே. எட்டையும் வெச்சே கிளப்பறேன். கிளப்பும்போது ஹரிப்ரியா பக்கத்துல இருக்கட்டும். முடியற வரைக்கும் என் பாஸ்வேர்ட நீங்களே வெச்சுக்குங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, "சரி" என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை விடை வேறாக இருந்தது. தண்ணீர் அலைமகள் நகரைக் கடந்து ரோட்டைத் தாண்டியது. அறிக்கை, கணக்குக் கேட்ட வாடிக்கையாளருக்குப் போனது. அங்கே அது யார் கைக்குப் போகும், படிப்பார்களா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. ஜேசிபி நிற்கவில்லை என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள்.

பூபாலன் வீட்டில் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். லேப்டாப் விஷயத்தில் தப்பு தன்னுடையதுதான், கடிகாரம் செய்த கோளாறு அது என்று அவள் சொன்னபோதும் கேட்டுக்கொண்டு எழுந்து போனான். ஒரே ஒரு தடவை சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்தப் பொண்ண சைட்டுக்கு இட்டுகினு வந்தது நீதானே?"

"ஆமா."

"உன் பேரு கெட்டுடக்கூடாதுன்னா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அது முழு உண்மையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. "மேடு இல்ல. இல்லாதத இருக்குன்னு எப்படி எழுதறது?" என்றாள்.

ஐப்பசிக் கடைசியில் காற்றழுத்தம் என்று ரேடியோவில் சொன்னார்கள். புயல் இல்லை. இரண்டு நாள் பெரிய காற்றும் அலையும்தான். இரண்டாம் நாள் காலையில் பூபாலன் இடுப்புக்குக் கீழே நனைந்து வந்து நின்றான். கால்சட்டையெல்லாம் மணல். செங்கம்மாள் துண்டை எடுத்து வந்து கொடுத்தாள். அவன் வாங்கவில்லை.

"முட்டி வரைக்கும் நிக்குது. கல்லெல்லாம் முழுவிப்போச்சு. இது சாதா காத்துதானே?"

"சாதா காத்துதான்" என்றாள் ஜெனிட்டா.

"உனக்கு முன்னாடியே தெரியும்ல? எங்கிட்ட சொல்லாம இருந்தே."

"நீதான் பேசவே இல்லியே ண்ணா. ஆபீசு கணக்க வெளிய சொல்லவும் கூடாது. சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவன் யோசித்தான். "மாட்டேன்" என்றான்.

வாசற்படியில் உட்கார்ந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினான். ஜெனிட்டா சைட்டில் பார்த்த அந்த வயதான தம்பதி மனையை எழுதிக்கொள்ள மறு வாரம் தேதி வைத்திருப்பதாகச் சொன்னான். செங்கல்பட்டில் இருக்கிறார்கள். ரிட்டயர்டு வாத்தியார், பக்தவத்சலம் என்று பெயர். "நான் போய் வேணாம்னு சொல்லப்போறேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேல காலி. நீ கூட வர்றியா? கேள்வி கேட்டா எனக்கு விளக்கத் தெரியாது."

"வரேன்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவன் வண்டியிலேயே போனார்கள். திருக்கழுக்குன்றம் ரோட்டில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது பூபாலன், "புட்ச்சுக்கினியா?" என்று கேட்டான்.

பக்தவத்சலம் அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பூபாலன் மேட்டை வழித்ததைச் சொன்னான், முட்டி வரை தண்ணீர் நின்றதைச் சொன்னான். ஜெனிட்டா பெரிய புயல் வந்தால் எவ்வளவு வரும் என்று எண்களைச் சொல்லாமல் கையாலேயே காட்டினாள். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் மனைவி கதவருகில் நின்று கேட்டாள்.

பேசி முடித்ததும் பக்தவத்சலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னா தம்பி, ரெண்டு மாசம் முன்ன இதே வாயால ஓகோன்னு சொன்னே. இப்ப வேணாங்கறே." அவர் பூபாலனையும் ஜெனிட்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நெசத்த சொல்லு. அந்த மனைக்கு வேற பார்ட்டி வந்துட்டானா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார்."

"பின்ன எந்தக் கம்பெனிக்காரன் வூடு தேடி வந்து வாங்காதேன்னு சொல்றான்? இந்தப் பொண்ணு யாரு? அவங்க ஆளா?"

பூபாலன் ஜெனிட்டாவைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. பல வாரத்துக்குப் பிறகு அவளைப் பார்த்து வருகிற சிரிப்பு.

"என் தங்கச்சி சார்" என்றான். "உங்களுக்கு டைம் இருந்தா இப்பவே என்கூட சைட்டுக்கு வாங்க. தண்ணி இன்னும் நின்னுகினுதான் கீது. நீங்களே எறங்கிப் பாருங்க."

பக்தவத்சலம் உள்ளே போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.